வலை வீசாமல் மீனின் நலம் பார்ப்பது எப்படி?

இயற்கை விவசாயிகளான நம்மில் பலருக்கு மீன் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மீன் அமிலம்தான். மீன் கழிவையும் நாட்டுச் சர்க்கரையையும் ஊறவைத்துத் தெளித்தால் பயிர் எப்படி எழும்பும் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு மணி நேரம் பேசுவோம். நம் குட்டையில் உயிரோடு நீந்துகிற மீன் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "தவிடு போடுறோம், நல்லாத்தான் இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துபோகும்.

அழகர்கோவில் அடிவாரத்தில் கள்ளந்திரி, பொய்கைக்கரைப்பட்டி, அப்பன்திருப்பதி, மாங்குளம் பக்கத்தில் பண்ணைக்குட்டை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார்கள். என் தோட்டத்திலும் 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஏறக்குறைய 22 செண்டில் ஒரு குட்டை உண்டு. எங்கள் குழுக் கூட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: "மீன் நல்லா இருக்கான்னு எப்படிண்ணே தெரிஞ்சுக்கிறது? மாசம் ஒருக்கா வலை போட்டுப் பாத்தாத்தானே தெரியும்?"

வலை போடாமலே பெரும்பகுதி தெரிந்துகொள்ளலாம். அதுதான் இந்த மாதப் பாடம். ரசாயன வழியில் மீன் வளர்ப்பவருக்கு நோய் வந்த பிறகும் கையில் ஆன்டிபயாடிக் இருக்கிறது, பூச்சிக்கொல்லி இருக்கிறது. நமக்கு அவை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆகவே சீக்கு முற்றுவதற்கு முன்னால் கண்ணில் பிடிப்பதுதான் நம்மிடம் இருக்கும் முதல் மருந்து. அந்தக் கண்ணை எப்படிப் பழக்குவது என்று பார்ப்போம்.

வலை சொல்லும் பொய்

அலங்காநல்லூர் வாடிவாசலைத் தாண்டி வந்த காளையின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்து, "இதுக்கு இதயம் படபடங்குது, சீக்கு மாடு" என்று யாராவது சொன்னால் சிரிப்போம். வலையில் அகப்பட்ட மீனைத் தூக்கிப் பார்த்து நலம் சொல்வதும் அப்படித்தான். துரத்தப்பட்ட சில நிமிடங்களிலேயே மீனின் ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்தச் சுரப்பு ஏறிவிடும். சர்க்கரை அளவும் கூடும். தசையில் லாக்டிக் அமிலம் சேரும். செவுள் வேகமாக அடிக்கும். அந்த நேரத்தில் நாம் பார்ப்பது குட்டையில் வாழ்ந்த மீனை அல்ல, வலையில் போராடிய மீனை.

இழப்பு அதோடு நிற்பதில்லை. மீனின் உடம்பைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்புதான் அதன் முதல் காவல். வலை உரசினாலும் காய்ந்த கை பட்டாலும் அது கழன்று போகும், செதிலும் உதிரும். உதிர்ந்த இடத்தில் பஞ்சு போன்ற பூஞ்சையும் புண் உண்டாக்கும் நுண்ணுயிரும் ஏறும். தண்ணீருக்கு வெளியே எடுத்ததும் செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் காற்று நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது. வலையை அடியில் இழுக்கும்போது சேறு கலங்கி, அதில் அடைந்துகிடந்த கெட்ட வாயு மேலே வரும். ஒன்றிரண்டு நாள் மீன் தீவனத்துக்கே வராது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் சித்திரை வெயிலில், மத்தியானம், வெளியாளை வைத்து எடை பார்க்க வலை இழுத்தார். அன்றைக்கு மீன் எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாலைந்து நாளில் முதுகில் வெள்ளைப் பஞ்சோடு ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பித்தது. எடை தெரிந்தது, மீன் போனது.

"குழம்புக்குப் போற மீனுக்கு என்ன நலம்?"

இந்தக் கேள்வியும் கூட்டத்தில் வரும். தட்டிக்கழிக்கக் கூடாத கேள்விதான். 2003-இல் பிரிட்டனில் லின் ஸ்னெட்டனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் டிரவுட் மீனின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மூச்சு வேகம் கூடியது, தீவனம் எடுக்க வெகுநேரம் ஆனது, சில மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. மீன் வலியை உணர்கிறதா என்ற பேச்சில் இந்த ஆய்வு பெரிய திருப்பம். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதர் அல்லாத எந்த உயிருள்ள பிராணியும் விலங்கு என்றே சொல்கிறது. அதில் மீனும் அடங்கும்.

என் கணக்கு இன்னும் எளிமையானது. அறுவடை என்பது ஒரு நாள். அதற்கு முன்னால் பத்து மாதம் அந்த உயிர் நம் பொறுப்பில் இருக்கிறது. உழவு மாட்டின் கழுத்துப் புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுகிற நாம், கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீருக்குள் இருக்கிறது என்பதற்காக மீனை மறக்க நியாயம் இல்லை. அழுத்தத்தில் இருக்கும் மீன் தீவனத்தைச் சதையாக மாற்றாது, நோயையும் தாங்காது. நியாயமும் வருமானமும் இங்கே ஒரே பக்கம்தான் நிற்கின்றன.

நார்வேயில் சால்மன் வளர்ப்பவர்களுக்காக 2018-இல் ஒரு நலக் கையேடு வெளியானது. பண்ணையிலேயே பார்க்கக்கூடிய அறிகுறிகளை அதில் பிரித்து வைத்திருக்கிறார்கள்: சுற்றுச்சூழல் சொல்வது, கூட்டம் சொல்வது, தனி மீன் சொல்வது. ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கத்துக் கெண்டைப் பண்ணைகளில் 'ஃபிஷ் வெல்ஃபேர் இனிஷியேட்டிவ்' என்ற அமைப்பு விவசாயிகளோடு வேலை செய்கிறது. அவர்களும் முக்கியமாகச் சோதிப்பது தண்ணீரைத்தான். நம் பாடமும் இதே வரிசையில் போகிறது. முதலில் தண்ணீர், பிறகு கூட்டம், கடைசியாகத்தான் தனி மீன்.

முதல் பாடம்: தண்ணீரைப் படிப்பது

மீன் தன் மூச்சுக்காற்றிலேயே குளிக்கிறது, அதிலேயே கழிக்கிறது. ஆகவே தண்ணீர் கெட்டால் மீன் கெட்டது. பார்க்க வேண்டியவை ஐந்து.

நேரம்: குட்டையில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் பகல் முழுக்க ஏறி, பிற்பகல் 2 முதல் 4 மணிக்குள் உச்சத்தில் இருக்கும். பச்சைப் பாசி வெயிலில் அதைச் செய்து தருகிறது. இரவில் அதே பாசியும் மீனும் சேறும் சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிக்கும். சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்னால்தான் அளவு மிகக் குறைவு. பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்வதில் அர்த்தமில்லை. விடியுமுன் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் கரையில் நின்றால், அந்த நாளின் மிகக் கஷ்டமான நேரத்தில் மீன் எப்படி இருக்கிறது என்று தெரியும். சோதனைப் பெட்டி இருந்தால் அப்போதே ஆக்சிஜன் பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் என்றால் நிம்மதி. 3-க்குக் கீழே என்றால் மீன் கஷ்டத்தில் இருக்கிறது.

சூடு: 20 டிகிரி செல்சியஸ் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரைதான். கோடையில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, தண்ணீரிலோ அது குறைகிறது. அதனால்தான் நம் மதுரைச் சீமையில் சித்திரை, வைகாசி ஆபத்தான மாதங்கள். ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கினால் அலை எழும்பி, குட்டை தானே மூச்சு விடும். ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் மூடாப்புப் போட்டாலும் கவனம் வேண்டும், பாசி வேலை செய்யாது.

நிறம்: கையை நீட்டித் தண்ணீருக்குள் மெதுவாக இறக்குங்கள். மணிக்கட்டு மூழ்குவதற்குள் உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது. முழங்கை அளவில் மறைந்தால் சரி. அதற்கு மேலும் தெரிந்தால் தண்ணீரில் சத்து குறைவு. மழைத் தண்ணீரோடு வந்த செம்மண் கலங்கலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நேற்று வரை பச்சையாக இருந்த தண்ணீர் திடீரென்று பழுப்பாகவோ சாம்பலாகவோ மாறினால் பாசி ஒட்டுமொத்தமாகச் செத்திருக்கிறது என்று அர்த்தம். அன்றிரவு உஷாராக இருக்க வேண்டும்.

கார அமில நிலை: 7-லிருந்து எட்டரை வரை நல்லது. காலையிலும் மாலையிலும் தாள் நனைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் பாசி மிஞ்சியிருக்கிறது. இந்த நிலை ஏற ஏற, சூடும் ஏற ஏற, மீன் கழிவில் இருக்கும் அம்மோனியா அதிக நஞ்சாகிறது.

வாசம்: நல்ல குட்டைக்கு மண் வாசம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அடிச்சேற்றில் கோளாறு. குமிழிகள் கொத்துக் கொத்தாக எழுவதும் அதே செய்திதான்.

இரண்டாம் பாடம்: தீவனப் பையைப் படிப்பது

தவிட்டையும் புண்ணாக்கையும் கை நிறைய அள்ளி வீசினால் எது தின்றது, எது மிச்சம் என்று தெரியாது. ஆந்திராவில் பரவலாக இருக்கும் பைமுறை நமக்கு நல்லது. சுத்தமான ஒரு சாக்குப் பையின் அடிப்பக்கத்தில் விரல் நுழையும் துளைகள் போட்டு, தவிடும் கடலைப் புண்ணாக்கும் நிரப்பி, மூங்கில் கம்பில் தண்ணீருக்குள் தொங்கும்படி கட்டுங்கள். மீன் வந்து துளையில் வாய் வைத்து உறிஞ்சும். ரசாயன உரம் வந்த பழைய சாக்கு வேண்டாம்.

ஒரு கணக்கு. 22 செண்டில், செண்டுக்கு 20 வீதம், 440 மீன். சராசரி கால் கிலோ என்றால் மொத்தம் 110 கிலோ. நூற்றுக்கு 2 பங்கு தீவனம் என்றால் நாளுக்கு 2 கிலோ 200 கிராம். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். இரண்டு மணி நேரம் கழித்துப் பையைத் தூக்கிப் பாருங்கள். வழக்கமாகக் காலியாகும் பையில் பாதி மிச்சம் இருந்தால், மீன் பேசிவிட்டது. ஒரு நாள் மூடாப்பு, மார்கழிக் குளிர் இவற்றால் குறைந்தால் பயமில்லை, அதற்கேற்ப நாமும் குறைத்துப் போடலாம். நல்ல வெயில் நாளில் இரண்டு நாள் தொடர்ந்து மிச்சமானால் காரணம் தேட வேண்டும். பசியெடுக்காத மாட்டை நாம் எப்படிப் பார்ப்போமோ அதே பார்வைதான்.

இன்னொரு நல்ல அறிகுறி, எதிர்பார்ப்பு. பழகிய மீன் நம் காலடி அதிர்வுக்கே பைப்பக்கம் கூடும். தெப்பக்குளத்தில் பொரி போடுபவர்களைத் தேடி மீன் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித் தேடி வருவது நலமாக இருப்பதன் அடையாளம். அது ஒருநாள் நின்றுபோனால் முதலில் அங்கேதான் தெரியும்.

மூன்றாம் பாடம்: கூட்டத்தைப் படிப்பது

ஒவ்வொரு மீனுக்கும் ஒரு மாடி உண்டு. கட்லா மேல்தளம், ரோகு நடுத்தளம், மிர்கால் அடித்தளம். இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சுக்குத் தவிக்கிறது. இரை எடுக்க வந்ததா, தவிப்பில் வந்ததா என்று சந்தேகம் வந்தால் கரையில் நின்று கையைத் தட்டுங்கள். நலமான மீன் சட்டென்று உள்ளே போய்விடும். தவிக்கும் மீன் போகாது, போனாலும் உடனே மேலே வரும். அடியில் இருக்க வேண்டிய மிர்காலே மேலே நின்றால் அடித்தளம் மோசம்.

கம்பிலும் கல்லிலும் உடம்பைப் பளிச் பளிச்சென்று தேய்த்துவிட்டு ஓடினால் பேன் ஏறியிருக்கலாம். காரணமில்லாமல் துள்ளுவதும் அதே சந்தேகத்துக்கு உரியது. கூட்டத்தை விட்டு ஒற்றையாகக் கரையோரம் சோம்பி நிற்கும் மீன், சாய்ந்து நீந்தும் மீன், நிறம் கறுத்த மீன், இவற்றை எண்ணி எழுதுங்கள். எல்லா மீனும் தண்ணீர் விழும் குழாய்ப் பக்கமே நெருக்கியடித்தால் மற்ற இடத்தில் ஆக்சிஜன் போதவில்லை.

செவுள் அடிப்பையும் எண்ணலாம். பையருகே மீன் நிற்கும்போது கைபேசியில் படம் பிடித்து, 15 வினாடிக்கு எத்தனை முறை செவுள் மூடி திறக்கிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். மீன் வகைக்கும் சூட்டுக்கும் ஏற்ப இது மாறும் என்பதால் பொதுவான எண்ணைத் தேட வேண்டாம். நல்ல நாளில் உங்கள் குட்டையில் எவ்வளவு என்று குறித்து வையுங்கள். அதுவே உங்கள் அளவுகோல்.

நான்காம் பாடம்: அக்கம்பக்கத்தார் சொல்வது

எங்கள் குட்டைக்குத் தினமும் தீவனம் வைப்பது என் மதினி. ஒருநாள், "கொழுந்தனாரே, கொக்கு ரெண்டு நாளா கிழக்கு மூலையிலயே நிக்குது, வேற பக்கம் போகவே மாட்டேங்குது" என்றார். போய்ப் பார்த்தால் அந்த மூலையில்தான் சோர்ந்த மீன்கள் ஒதுங்கியிருந்தன. செத்து ஒதுங்கிய ஒன்றை எடுத்துப் பார்த்தோம், துடுப்படியில் தட்டையாகப் பேன் ஒட்டியிருந்தது. கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் நம்மைவிட முன்னால் சீக்கு மீனைக் கண்டுபிடித்துவிடும். அவற்றை விரட்டுவதற்கு முன்னால் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்.

தண்ணீரில் இருக்கும் நத்தைகள் விடிகாலையில் கம்பிலும் கரையிலும் மேலே ஏறி நின்றால் ஆக்சிஜன் குறைவு. இதெல்லாம் தினமும் அங்கே போகிறவர் கண்ணுக்குத்தான் படும். பல வீடுகளில் அது பெண்கள்தான். பயிற்சிக் கூட்டத்துக்கு ஆண்கள் மட்டும் போய்விட்டு வருவது இதனால்தான் பாதிப் பாடமாகப் போகிறது.

ஐந்தாம் பாடம்: இறந்த மீனும் அறுவடை மீனும்

இறந்த மீனுக்கு அழுத்தம் தர முடியாது. அதைத் தூக்கிக் குப்பைக்குழியில் எறிவதற்கு முன் ஐந்து நிமிடம் பாருங்கள். செவுள் ரத்தச் சிவப்பா, வெளிறியா, பழுப்பா? துடுப்பு முழுசா, கிழிசலா? தோலில் புண், பஞ்சு, பேன், நூல் போல் தொங்கும் புழு உண்டா? செத்து வெகுநேரமான மீனில் செவுள் தானே வெளிறிவிடும், ஆகவே புதிதாக இறந்ததைப் பாருங்கள்.

எந்த மீன் முதலில் செத்தது என்பதும் ஒரு சாட்சி. விடியலில் பெரிய மீன்கள் முதலில் செத்தால் ஆக்சிஜன் குறைவு என்றே சந்தேகப்படுங்கள். பகலிலோ எந்த நேரத்திலுமோ சிறுசு முதலில், கூட்டமாகச் செத்தால் நஞ்சு கலந்திருக்கலாம். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தார்களா, மழைத்தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று விசாரியுங்கள்.

வீட்டுக் குழம்புக்கோ விற்பனைக்கோ மீன் பிடிக்கும் நாளில் அந்த மீன்களையே பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீளம், எடை, செவுள், துடுப்பு, குடலில் இரை எல்லாம் எழுதுங்கள். தனியாக ஒரு வலை வீச்சு மிச்சமாகும்.

எடை தெரிய வேண்டுமே?

தீவனக் கணக்குக்கு எடை வேண்டும்தான். தீவனப் பை கட்டும் மூங்கிலில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஓர் அடிக் கம்பைக் குறுக்கே கட்டி, அங்குலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். சிறிது பொரி தூவினால் கட்லா மேலே வரும். கம்புக்குப் பக்கத்தில் வரும்போது படம் எடுத்தால் நீளம் தெரியும். மீன் நீளத்தில் இரண்டு மடங்கானால் எடையில் ஏறத்தாழ எட்டு மடங்காகும். உங்கள் அறுவடைக் குறிப்பில் இருக்கும் நீளத்தையும் எடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தீவனத்துக்குப் போதுமான கணக்கு கிடைக்கும். கிராம் சுத்தமாக வராது. அது தேவையும் இல்லை.

நோட்டு: பச்சை, மஞ்சள், சிவப்பு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நாளுக்கு ஒரு வரி: விடிகாலை மீன் நிலை, தண்ணீர் நிறம், பையில் மிச்சம், பறவை, இறப்பு. கடைசியில் ஒரு நிறம்.

பச்சை: மீன் காலடிக்கு வருகிறது, பை காலி, விடியலில் தண்ணீர் அமைதி.

மஞ்சள்: பையில் மிச்சம், அல்லது ஒற்றை மீன் ஒதுங்கல், அல்லது உடம்பு தேய்த்தல், அல்லது மணிக்கட்டுக்குள் மறையும் பச்சை. இரண்டு மஞ்சள் சேர்ந்தால் தீவனத்தைப் பாதியாக்கி, சாணத்தை நிறுத்தி, தினம் இரண்டு வேளை பாருங்கள்.

சிவப்பு: விடியலில் வாய் திறத்தல், தண்ணீர் நிறம் திடீர் மாற்றம், ஒரே நாளில் பல இறப்பு. அன்றைக்குத் தீவனம் கிடையாது. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து, துளைக் குழாய் வழியாகவோ கல்லின் மேலோ சிதறி விழச் செய்யுங்கள். புதுத் தண்ணீர் இருந்தால் பாதி நிரப்பும் அளவுக்குச் சிறுகச் சிறுக விடுங்கள். மீன் தவிக்கும்போது வலையோடு உள்ளே இறங்க வேண்டாம்.

பேனுக்கு நம் வழியில் நல்ல கைவைத்தியம் உண்டு. மீன் பேன் கெட்டியான பொருள்களின் மேல்தான் முட்டை வைக்கும். குட்டையில் நாலைந்து மூங்கில் தட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து வெயிலில் நன்றாகக் காயப்போட்டுத் திருப்பி இறக்குங்கள். முட்டை காய்ந்து செத்துவிடும். நாங்கள் கிழக்கு மூலையில் செய்ததும் இதுதான். விடாமல் வாராவாரம் செய்ய வேண்டும்.

நம்மவர்களுக்கு மட்டும் மூன்று எச்சரிக்கை

இயற்கை இடுபொருள் எல்லாம் மீனுக்கும் நல்லது என்று நினைக்கக் கூடாது. இலுப்பைப் புண்ணாக்கு மீனைக் கொல்லும். குஞ்சு விடுவதற்கு முன் களை மீனை ஒழிக்க அதைத்தான் போடுகிறார்கள். இலுப்பைப் புண்ணாக்கு போட்ட வயலின் வடிநீர் குட்டைக்கு வரக்கூடாது. இரண்டாவது, புகையிலைக் கரைசல். பூச்சியைக் கொல்லும் நிக்கோட்டின் மீனையும் கொல்லும், தெளிப்பான் கழுவிய தண்ணீரைக்கூட அந்தப் பக்கம் ஊற்றாதீர்கள். மூன்றாவது, சாணமும் கரைசல்களும். பச்சைச் சாணம் தண்ணீரில் மக்க ஆக்சிஜன் வேணும், அது மீனின் பங்கிலிருந்துதான் போகும். கொஞ்சமாக, வெயில் நாளில், காலையில் கரைத்து விடுங்கள். மூடாப்பு நாளில் வேண்டாம்.

வலை போட்டே ஆகணும்னா

சில நேரம் வேறு வழியிருக்காது. புண் நோய் சந்தேகத்தில் மீன்வளத் துறையினரிடம் காட்ட வேண்டியிருக்கலாம். அப்போது இவற்றைப் பின்பற்றுங்கள்.

முதல் நாள் தீவனம் நிறுத்துங்கள். வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீர் சூடாவதற்கு முன், அதாவது காலை 8 மணி வாக்கில் போடுங்கள். மூடாப்பிலும் கடுங்கோடையிலும் தள்ளிப்போடுங்கள். முடிச்சில்லாத மென்மையான வலை நல்லது. மீனைக் கரையில் கொட்டாமல் வலையின் மடியிலேயே தண்ணீருக்குள் வைத்திருங்கள். கையை நனைத்த பிறகே தொடுங்கள். எடையை இப்படிப் பாருங்கள்: வாளியில் குட்டைத் தண்ணீர் எடுத்து முதலில் அதை நிறுத்துக்கொள்ளுங்கள், பிறகு மீனை விட்டு நிறுங்கள், இரண்டையும் கழித்தால் மீன் எடை. மீன் தண்ணீரை விட்டு வெளியே வரவே வேண்டாம். பத்துப் பதினைந்து மீன் போதும். முடிந்ததும் எறியாமல் வாளியைச் சாய்த்துத் தானாக நீந்திப் போகவிடுங்கள். அடுத்த மூன்று நாள் பையையும் கரையையும் கூடுதலாகப் பாருங்கள்.

வீட்டுப்பாடம்

அடுத்த கூட்டத்துக்கு வருமுன் குட்டை உள்ளவர்கள் 15 நாள் நோட்டு எழுதி எடுத்து வாருங்கள். தினமும் விடிகாலையில் பத்து நிமிடம், தீவனம் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஐந்து நிமிடம், அவ்வளவுதான் வேலை. குட்டை இல்லாதவர்கள் பக்கத்திலுள்ள கண்மாயிலோ தெப்பக்குளத்திலோ ஒரு விடியலில் நின்று மேல்தளத்தில் வரும் மீனைப் பார்த்து வாருங்கள். தீவனம் வைப்பவர் யாரோ அவரையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் குட்டையில் எந்த மாதம் கவனம் வேண்டும் என்பது நமக்குள்ளேயே தெரிந்துவிடும். மண்ணைக் கையில் எடுத்து மோந்து பார்த்தே அதன் வளத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டோம். தண்ணீரையும் அப்படிப் படிக்கக் கற்றுக்கொள்வோம்.